காணொளி சுருங்கும் விதமும் வலையமைப்பில் அது வந்து சேரும் விதமும்

1080பி எனப்படும் காணொளியின் ஒரு ஃபிரேமில், அதாவது அடுத்தடுத்து ஓடும் நிலைப்படங்களில் ஒன்றில், கிடைமட்டமாக 1920 பிக்சல்களும் செங்குத்தாக 1080 பிக்சல்களும் உள்ளன. ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவைக் குறிக்க மூன்று பைட் தேவைப்படுவதால், ஒரே ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 62 லட்சம் பைட் ஆகிறது. நொடிக்கு 30 ஃபிரேம் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 18.6 கோடி பைட், அதாவது ஏறத்தாழ 1.5 ஜிகாபிட். இரண்டு மணி நேரக் காட்சியை இப்படியே சேமித்தால் அது 1.3 டெராபைட்டைத் தாண்டிவிடும். ஆனால் அதே தெளிவுள்ள காணொளியை இணையத்தில் பார்ப்பதற்கு நொடிக்கு 5 மெகாபிட் அளவிலான இணைப்பு பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. முந்நூறில் ஒரு பங்குத் தரவைக் கொண்டு, பார்ப்பவருக்குப் பெரிய குறை எதுவும் தெரியாத ஒரு படத்தை மறுமுனையில் எழுப்பிக் காட்டிவிட முடிகிறது.

இதை விளக்குபவர்கள் சுருக்குவதை ஒரு பாடமாகவும் அனுப்புவதை வேறொரு பாடமாகவும் பிரித்துச் சொல்வது வழக்கம். அப்படிப் பிரித்துவிட்டால் இரண்டுக்கும் நடுவே ஓயாமல் நடக்கும் இழுபறி கண்ணில் படாமலே போய்விடும். சுருக்குவது என்றால், ஊகித்து அறியக்கூடிய எதையும் அனுப்பாமல் விடுவது. அவ்வாறு விட்டது போக எஞ்சி நிற்கும் தரவில் ஒவ்வொரு பிட்டும் இன்றியமையாததாகிவிடுகிறது. வலையமைப்போ தரவைச் சுமந்து செல்லும் சிறு பொதிகளான பாக்கெட்டுகளைத் தாமதப்படுத்தும், வரிசை மாற்றிக் கொடுக்கும், சில வேளைகளில் அடியோடு தொலைத்தும் விடும். ஆகவே எவ்வளவு நன்றாகச் சுருக்குகிறோமோ அவ்வளவுக்கு அந்தக் காணொளி வழியில் எளிதில் சிதையக்கூடியதாக ஆகிறது. காணொளிப் பரிமாற்றத்தில் உள்ள விதிமுறைகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு முரண்பாட்டிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

முதல் சேமிப்பு நிறத்தில் தொடங்குகிறது. மனிதக் கண் வெளிச்சத்தில் உள்ள நுணுக்கமான வேறுபாடுகளைக் கூர்மையாக உணர்கிறது. நிறத்தில் உள்ள நுணுக்கங்களை அந்த அளவுக்கு உணர்வதில்லை. எனவே சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களை, வெளிச்ச அளவு ஒன்றும் நிற வேறுபாடுகள் இரண்டுமாக மாற்றிக்கொள்கிறார்கள். வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் இரண்டுக்கு இரண்டு என்ற நான்கு பிக்சல் கொண்ட சதுரத்துக்கு ஒரு முறை குறித்துக்கொண்டால் போதும். பிக்சலுக்கு 24 பிட் என்றிருந்தது சராசரியாக 12 பிட் ஆகிவிடுகிறது. வேறு எதுவும் செய்வதற்கு முன்பே தரவு பாதியாகிவிட்டது; படத்தைப் பார்ப்பவர் இதைக் கண்டுபிடிப்பது அரிது.

அடுத்த சேமிப்பு ஒரே ஃபிரேமுக்குள் நடக்கிறது. ஒரு சுவரின் படத்தை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட ஒரு சிறு கட்டத்தை வெட்டினால் கிடைக்கும் 64 எண்களும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அருகருகே இருக்கும் பிக்சல்கள் பொதுவாக ஒரே பொருளைச் சேர்ந்தவை என்பதே இதற்குக் காரணம். இந்த 64 எண்களைக் கொசைன் உருமாற்றம் என்னும் கணித வழிமுறைக்கு உட்படுத்தினால் வேறு 64 எண்கள் கிடைக்கின்றன. அவற்றுள் முதலாவது அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சத்தைச் சொல்கிறது. அடுத்தடுத்து வருபவை, கட்டத்துக்குள் வெளிச்சம் மெதுவாக மாறுகிறதா, விரைவாக மாறுகிறதா, எந்தத் திசையில் மாறுகிறது என்பவற்றைச் சொல்கின்றன. எண்களின் எண்ணிக்கை குறையவில்லை என்றாலும் பயன் பெரிது. முக்கியமான செய்தி முழுவதும் முதல் சில எண்களில் வந்து குவிந்துவிடுகிறது. மற்றவை சுழியத்தை ஒட்டியே நிற்கின்றன. நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974-இல் வெளியிட்ட இந்த உருமாற்றமும் அதன் வழிவந்த முழுஎண் வடிவங்களும் ஜேபெக் ஒளிப்படம் முதல் இன்றைய காணொளித் தரங்கள் வரை அடித்தளமாக இருக்கின்றன.

தரவு உண்மையாகவே இழக்கப்படுவது இதற்கு அடுத்த படியில்தான். உருமாற்றத்தில் கிடைத்த எண்கள் 23, –11, 4, 3, –2 என்று தொடங்குவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றையும் 16-ஆல் வகுத்து அருகிலுள்ள முழு எண்ணாக்கினால் 1, –1, 0, 0, 0 என்று ஆகிறது. பெறுபவர் இவற்றை மீண்டும் 16-ஆல் பெருக்கும்போது அவருக்குக் கிடைப்பது 16, –16, 0, 0, 0. மூல எண்கள் திரும்பி வரவில்லை, இனி வரவும் மாட்டா. ஆனால் ஐந்து எண்களில் மூன்று சுழியமாகிவிட்டன; முழுக் கட்டத்திலும் பார்த்தால் 64-இல் பெரும்பாலானவை சுழியமாகிவிடும். "இதற்குப் பிறகு எல்லாம் சுழியம்" என்பதை மிகச் சில பிட்டுகளில் சொல்லிவிடலாம். எஞ்சும் எண்களில் அடிக்கடி வருபவற்றுக்குக் குறுகிய குறியீடும் அரிதாக வருபவற்றுக்கு நீண்ட குறியீடும் கொடுத்து மேலும் சுருக்குகிறார்கள். டேவிட் ஹஃப்மன் 1952-இல் வகுத்துக் கொடுத்த முறை இந்த வகையைச் சேர்ந்தது. இன்றைய தரங்களில் இதைவிடச் செறிவான எண்கணிதக் குறியீட்டு முறை பயன்படுகிறது. மேலே 16-ஆல் வகுத்தோமே, அந்த வகுக்கும் எண்தான் காணொளியின் தரத்தைத் தீர்மானிக்கும் திருகு. அதைப் பெரிதாக்கினால் கோப்பு சிறிதாகும்; அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் கட்டங்களின் ஓரங்கள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கி, படம் சதுரம் சதுரமாக உடைந்ததுபோல் ஆகிவிடும்.

இதுவரை சொன்னது ஏறத்தாழ ஒளிப்படத்துக்கும் பொருந்தும். காணொளியின் தனித்தன்மை ஃபிரேம்களுக்கு இடையே இருக்கிறது. நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கப்படும்போது ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே நொடியின் முப்பதில் ஒரு பங்கே கழிந்திருக்கும். அதற்குள் உலகம் பெரிதாக மாறிவிடுவதில்லை. ஆகவே புதிய ஃபிரேமைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் ஒத்த பகுதி முந்தைய ஃபிரேமில் எங்கே இருக்கிறது என்று, சுருக்கும் வேலையைச் செய்யும் என்கோடர் தேடுகிறது. கிடைத்துவிட்டால், "முந்தைய ஃபிரேமில் வலப்புறம் 6 பிக்சலும் கீழே 2 பிக்சலும் தள்ளியிருக்கும் பகுதியை எடுத்து இங்கே வை" என்ற குறிப்பையும், அப்படி வைத்த பிறகும் மிச்சமிருக்கும் சிறு வேறுபாட்டையும் அனுப்பினால் போதும். அந்த வேறுபாடுதான் கொசைன் உருமாற்றத்துக்குச் செல்கிறது. அது பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். எச்.264 என்னும் காணொளிச் சுருக்கத் தரத்தில் இந்தக் கட்டம் பதினாறுக்குப் பதினாறு பிக்சலாகவும், தேவைக்கேற்ப அதைவிடச் சிறிதாகவும் அமைகிறது. இடப்பெயர்ச்சியைக் கால் பிக்சல் துல்லியத்தில் குறிக்க முடிகிறது. பின்னர் வந்த எச்.265 கட்டத்தை 64 பிக்சல் வரையிலும் எச்.266 அதை 128 பிக்சல் வரையிலும் பெரிதாக்கின.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நகர்வது பந்தா, முகமா, மேகமா என்பது என்கோடருக்குத் தெரியாது. எந்தப் பகுதி எதை ஒத்திருக்கிறது என்ற கணக்கு மட்டுமே அதற்குத் தெரியும். அதனால்தான் கேமரா ஒரே சீராக ஒரு பக்கம் திரும்பும் காட்சி, திரை முழுவதும் மாறிக்கொண்டே இருந்தாலும், எளிதாகச் சுருங்குகிறது; கொட்டும் மழையும் அலை எழும்பும் நீரும் காற்றில் அசையும் இலைகளும் சுருங்க மறுக்கின்றன. அவற்றின் ஒவ்வொரு துளியும் தனித்தனி வழியில் போவதால் முந்தைய ஃபிரேமிலிருந்து ஊகிக்க எதுவும் கிடைப்பதில்லை.

எல்லாவற்றையும் முந்தைய ஃபிரேமைக் கொண்டே சொல்லிக்கொண்டிருக்கவும் முடியாது. எங்காவது ஓரிடத்தில் தொடங்கியாக வேண்டும். வேறெந்த ஃபிரேமையும் சாராமல் தன்னளவில் முழுமையாக இருப்பதைக் கீ-ஃபிரேம் என்கிறோம். முன்னே வந்தவற்றைக் கொண்டு கணிக்கப்படுவது முன்கணிப்பு ஃபிரேம். முன்னே உள்ளது, பின்னே வரப்போவது ஆகிய இரண்டையும் கொண்டு கணிக்கப்படுவது இருதிசை ஃபிரேம். இதுவே மிகச் சிறியது. எதிர்காலத்தைப் பார்த்துக் கணிப்பது விந்தையாகத் தோன்றலாம், ஆனால் வரிசையை மாற்றி அனுப்பினால் அது கூடிவருகிறது. திரையில் 1, 2, 3, 4 என்று தோன்றவேண்டிய ஃபிரேம்களில் 2-உம் 3-உம் இருதிசை வகை என்றால், 1, 4, 2, 3 என்ற வரிசையில் அனுப்புகிறார்கள். பெறும் கருவி நான்காவதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, நடுவில் உள்ளவற்றைக் கட்டி முடித்து, சரியான வரிசையில் காட்டுகிறது. இதற்குக் கொடுக்கும் விலை சிறிது தாமதம். பதிவு செய்யப்பட்ட திரைப்படத்தில் அந்தத் தாமதத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. நேரடி உரையாடலில் அது உறுத்தும் என்பதால் காணொளி அழைப்புகளில் இருதிசை ஃபிரேமைப் பொதுவாகத் தவிர்த்துவிடுகிறார்கள்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் என்கோடரின் உள்ளே ஒளிந்திருக்கிறது. அடுத்த ஃபிரேமைக் கணிக்கும்போது என்கோடர் தன்னிடம் உள்ள தெளிவான மூல ஃபிரேமைப் பார்ப்பதில்லை. தான் சுருக்கி அனுப்பியதை மறுமுனையில் இருப்பவர் எப்படி விரித்திருப்பாரோ, அதேபோலத் தானும் விரித்து, அந்தக் குறையுள்ள ஃபிரேமிலிருந்தே கணிக்கிறது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 23 என்ற எண் தன் கையில் இருந்தும், பெறுபவரிடம் 16 மட்டுமே இருக்கிறது என்பதால் என்கோடரும் 16-ஐயே வைத்துக்கொண்டு மேற்கொண்டு நடக்கிறது. மூலத்திலிருந்து கணித்தால் இரு முனைகளிலும் உள்ள படங்கள் ஃபிரேமுக்கு ஃபிரேம் விலகி, சில நொடிகளில் படம் அடையாளம் தெரியாமல் போய்விடும். ஆக, அனுப்புபவரும் பெறுபவரும் எப்போதும் ஒரே படத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையின் மேல்தான் முழுக் கட்டுமானமும் நிற்கிறது. வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் உடைவது அந்த நம்பிக்கை.

தரங்களின் வரலாறு நீளமானது, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொலைபேசி வழியே காணொளி உரையாடலுக்காக 1988-இல் வகுக்கப்பட்ட எச்.261-இல், கட்டங்களாகப் பிரித்து இடப்பெயர்ச்சியைக் கணித்து மிச்சத்தை உருமாற்றும் அமைப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. டிவிடிக்கும் எண்மத் தொலைக்காட்சிக்கும் எம்பெக்-2, 2003-இல் எச்.264, 2013-இல் எச்.265, 2018-இல் ஏவி1, 2020-இல் எச்.266 என்று தொடர்ந்தவை அனைத்தும் அதே எலும்புக்கூட்டைச் செம்மைப்படுத்தியவையே. இந்தத் தரங்கள், பெறும் முனையில் உள்ள டிகோடர் எவ்வாறு விரிக்க வேண்டும் என்பதை மட்டுமே கட்டாயமாக வரையறுக்கின்றன. எவ்வாறு சுருக்குவது என்பது என்கோடரை எழுதுபவரின் திறமைக்கு விடப்பட்டிருக்கிறது. ஒரே எச்.264 தரத்தில் இரண்டு மென்பொருள்கள் தரும் படங்களில் இவ்வளவு வேறுபாடு இருப்பது இதனால்தான்.

இனி வலையமைப்புக்கு வருவோம். இணையத்தில் தரவு சிறு பாக்கெட்டுகளாகப் பயணிக்கிறது; ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட். முகவரி முதலிய தலைப்புச் செய்திகள் போகக் காணொளிக்கு 1400 பைட் கிடைப்பதாகக் கொள்வோம். நொடிக்கு 5 மெகாபிட், 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் சராசரியாக 21,000 பைட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். அதற்கு 15 பாக்கெட்டுகள் வேண்டும். ஆனால் சராசரி இங்கே ஏமாற்றும். கீ-ஃபிரேம் மட்டும் ஒரு லட்சம் பைட் இருக்கலாம். அதற்கு 72 பாக்கெட்டுகள். வழியிலுள்ள ரௌட்டரில் நெரிசல் ஏற்பட்டு அதன் வரிசை நிரம்பிவிட்டால், அதற்கு மேல் வரும் பாக்கெட்டுகளை அது கைவிட்டுவிடும். நூற்றில் ஒன்று, எந்த ஒழுங்கும் இல்லாமல் இப்படித் தொலைவதாக வைத்துக்கொண்டால், 72 பாக்கெட்டுகளும் பழுதில்லாமல் வந்து சேரும் வாய்ப்பு பாதிக்கும் சற்றுக் குறைவு. இரண்டு நொடிக் காணொளியில் ஏறத்தாழ 900 பாக்கெட்டுகள் இருக்கும். அவை எல்லாம் ஒன்றுகூடக் குறையாமல் வந்து சேரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. சுருக்கப்படாத காணொளியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் நொடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குச் சில நூறு பிக்சல்கள் கெடும். அடுத்த ஃபிரேம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும். சுருக்கிய காணொளியில் கீ-ஃபிரேமின் ஒரு பாக்கெட் தொலைந்தால், அதைச் சார்ந்த ஒவ்வொரு ஃபிரேமும் அந்தக் காயத்தைச் சுமந்துகொண்டு வரும். இடப்பெயர்ச்சிக் குறிப்புகள் அந்தச் சிதைவையே திரையெங்கும் இழுத்துச் செல்லும்.

இதற்கு இருவேறு விடைகள் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை, எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற ஒரே கேள்விதான் முடிவு செய்கிறது. பதிவு செய்த காணொளியைப் பார்ப்பவர் காத்திருக்கலாம். அவருக்கு டிசிபி போன்ற நெறிமுறை பொருந்தும். தொலைந்த பாக்கெட்டை அது மீண்டும் கேட்டு வாங்கி, வரிசை பிசகாமல் ஒப்படைக்கும். வலைத்தளங்களுக்கான புதிய நெறிமுறையான எச்டிடிபி/3, தொலைந்ததை மீட்காத எளிய நெறிமுறையான யுடிபியின் மேல் இயங்கினாலும், தொலைந்ததை மீட்கும் வேலையைத் தானே செய்துகொள்கிறது. மீட்டுவரும் நேரத்தில் திரை நின்றுவிடாமல் இருக்கவே சில நொடிக் காணொளியைப் பஃபர் எனப்படும் தற்காலிகச் சேமிப்பில் முன்கூட்டியே சேர்த்து வைக்கிறார்கள். இந்த வழியில் படம் சிதைவதே இல்லை. பஃபர் காலியானால் நின்றுவிடுவது மட்டுமே நடக்கும்.

இணைப்பின் வேகம் ஏறியிறங்கும்போதும் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காக வந்தது தகவமைக்கும் ஒளிபரப்பு. 2009-இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ், 2012-இல் பன்னாட்டுத் தரமான எம்பெக்-டாஷ் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஒரே காணொளியைப் பல தெளிவுத் தரங்களில் சுருக்கி, ஒவ்வொன்றையும் சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டிச் சர்வரில் வைத்துவிடுகிறார்கள். பார்ப்பவரின் கருவி, முந்தைய துண்டு எவ்வளவு வேகத்தில் வந்தது, பஃபரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பவற்றைப் பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று தானே முடிவு செய்கிறது. துண்டுகள் சாதாரணக் கோப்புகள் என்பதால் அவற்றைப் பார்ப்பவருக்கு அருகிலுள்ள சர்வர்களில் பிரதியெடுத்து வைப்பதும் எளிது. இதற்காகச் சுருக்கும் பக்கம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது: எந்தத் துண்டிலிருந்தும் தரத்தை மாற்றிக்கொள்ள முடியவேண்டும் என்றால், ஒவ்வொரு துண்டும் ஒரு கீ-ஃபிரேமில் தொடங்க வேண்டும். காட்சியில் எதுவுமே மாறாவிட்டாலும், வலையமைப்பின் பொருட்டு, விலை மிகுந்த கீ-ஃபிரேமை மீண்டும் மீண்டும் வைக்கிறார்கள்.

காணொளி அழைப்பில் இருப்பவரால் அப்படிக் காத்திருக்க முடியாது. ஒருவர் பேசியது மற்றவரை அடைய 150 மில்லிநொடிக்கு மேல் ஆகத் தொடங்கினால் உரையாடலின் இயல்பு கெட ஆரம்பிக்கிறது. தொலைந்த பாக்கெட்டைக் கேட்டு வாங்குவதற்குள் அது காட்டப்படவேண்டிய தருணமே கடந்து போயிருக்கலாம். எனவே இங்கே யுடிபியின் மேல் ஆர்டிபி என்னும் நெறிமுறையைப் பயன்படுத்துகிறார்கள். ஆர்டிபி எதையும் மீட்டுத் தருவதாக வாக்களிப்பதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டிலும் வரிசை எண்ணையும் நேர முத்திரையையும் பொறித்து, எது வந்தது, எது வரவில்லை, எதை எப்போது காட்ட வேண்டும் என்று அறிய வழி செய்கிறது. அதன் மேல் மற்ற தற்காப்புகளை அடுக்குகிறார்கள். பாக்கெட் மறுமுனைக்குப் போய்ப் பதில் திரும்பிவரும் நேரம் குறைவாக இருந்தால் தொலைந்த பாக்கெட்டை மட்டும் உடனே மறுபடி கேட்கலாம். அந்த நேரம் அதிகம் என்றால், சில பாக்கெட்டுகளுக்கு ஒன்று என்ற கணக்கில் திருத்தப் பாக்கெட்டைச் சேர்த்தே அனுப்பி, ஒன்று தொலைந்தாலும் மற்றவற்றிலிருந்து அதைக் கணக்கிட்டுக்கொள்ள விடலாம். சுருக்குபவர் பாடுபட்டு நீக்கிய மிகையை அனுப்புபவர் வேறொரு வடிவில் அளவோடு திரும்பச் சேர்க்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். இவை எதுவும் உதவாவிட்டால், "என் படம் உடைந்துவிட்டது, புதிய கீ-ஃபிரேம் அனுப்பு" என்று பெறுபவரின் கருவி செய்தி அனுப்பும். அப்போது அந்தப் பெரிய ஃபிரேமின் எடை, ஏற்கெனவே நெரிசலில் திணறும் இணைப்பின் மேலேயே போய் விழுகிறது. ஆகையால் நல்ல மென்பொருள்கள் பாக்கெட்டுகள் வந்துசேரும் தாமதம் கூடத் தொடங்கியதுமே நெரிசலை மோப்பம் பிடித்து, வகுக்கும் எண்ணைப் பெரிதாக்கித் தரத்தைக் குறைத்துக்கொள்கின்றன.

இதையெல்லாம் அறிந்தவர் திரையைப் பார்த்தே கோளாறு எங்கே என்று ஓரளவு சொல்லிவிடலாம். படம் மங்கலாகவோ சதுரம் சதுரமாகவோ தெரிந்து, ஆனால் தடையில்லாமல் ஓடினால், பிட் வேகம் போதாமல் என்கோடர் வகுக்கும் எண்ணை ஏற்றியிருக்கிறது. தெளிவான படம் திடீரென நின்று, சிறிது நேரம் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால், பஃபர் காலியாகியிருக்கிறது. தரவு தாமதமாக வந்ததே தவிரத் தொலையவில்லை. பேசுபவரின் முகம் அவர் அசையும் திசையில் சாயம்போல இழுபட்டு, ஒரு கணத்தில் முழுத் திரையும் பளிச்சென்று சீரானால், இடையில் ஒரு பாக்கெட் தொலைந்திருக்கிறது. சீரான அந்தக் கணத்தில் புதிய கீ-ஃபிரேம் வந்து சேர்ந்திருக்கிறது.